லேசர் கண் சிகிச்சை: 28 ஆயிரமா, ஒரு லட்சமா? செய்தவர்களும் வேண்டாமென்று விட்டவர்களும் சொல்லுங்கள்

பொருநை95 | திருநெல்வேலி

எல்லோருக்கும் வணக்கம். வயது 24. ஆறாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போடுகிறேன். இப்போது இரண்டு கண்ணிலும் மைனஸ் 5. சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லாததற்கான பவர்) வலதில் 0.75, இடதில் 2. பவர் நின்றுவிட்டது என்று கண்ணாடிக் கடையில் சொல்கிறார்கள்.

வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குள் கண்ணாடியை எடுத்துவிட்டால் நல்லது என்று அத்தை அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார். எனக்கும் கண்ணாடி வேண்டாம்தான், ஆனால் காரணம் வேறு. தினமும் ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறேன். மழையில் கண்ணாடி மேல் தண்ணீர் வழியும்போது எதிரே வருவது பஸ்ஸா லாரியா என்றே தெரிவதில்லை.

இரண்டு இடங்களில் விசாரித்தேன். ஒரு இடத்தில் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 28,000 ரூபாய். இன்னொரு இடத்தில் ஸ்மைல் முறை, 1,05,000 ரூபாய். ஏன் இவ்வளவு வித்தியாசம்? மலிவானதில் ஆபத்து அதிகமா? அம்மா வேறு, கண்ணில் நெருப்பை வைத்துச் சுடுவார்கள் என்று பயப்படுகிறார். செய்தவர்கள் உள்ளபடி சொல்லுங்கள்.

வடபழனி_வாசி | சென்னை

நான் லேசிக் செய்து சில வருடங்கள் ஆகின்றன. மைனஸ் 4.5 இருந்தது. இன்று வரை கண்ணாடி போடவில்லை, திரும்பக் கேட்டாலும் செய்வேன் என்றுதான் சொல்வேன். காலையில் எழுந்ததும் கடிகாரம் தெரிகிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எனக்கு வேலை நிமித்தம் இரவில் வண்டி ஓட்டும் வாழ்க்கை. செய்த புதிதில் எதிரே வரும் ஹெட்லைட் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வெள்ளை வளையம் தெரியும். டோல்கேட் வாசலில் இருக்கும் சிவப்பு எல்இடி எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று கசிந்து, எந்த லேன் திறந்திருக்கிறது என்று பக்கத்தில் போன பிறகுதான் தெரியும். ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் குறைந்துவிட்டது. மழை பெய்யும் இரவில் மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இருட்டில் கண்பாப்பா, அதாவது கண்ணின் நடுவில் உள்ள கருந்துளை, பெரிதாக விரியும் ஆட்களுக்கு இது கூடுதலாக இருக்கலாம் என்றார் மருத்துவர். உங்கள் கண்பாப்பாவின் அளவை இருட்டறையில் எடுக்கிறார்களா என்று கேளுங்கள்.

கண்ணாடிக்கடை | மதுரை

தங்கச்சி, நான் ஆப்டோமெட்ரிஸ்ட். சர்ஜன் இல்லை, அறுவைக்கு முந்தைய பரிசோதனைகளைச் செய்கிறவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

28,000-க்கும் 1,05,000-க்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் மெஷின் வித்தியாசம். லேசிக்கில் முதலில் கருவிழியின் (கார்னியா, கண்ணின் முன்னால் கண்ணாடி போல இருக்கும் படலம்) மேல்பகுதியை மெல்லிய மூடியைப் போல வெட்டித் திறக்கிறார்கள். அதை ஃப்ளாப் என்போம். அப்புறம் உள்ளே எக்சைமர் லேசரால் திசுவைச் செதுக்கிவிட்டு ஃப்ளாப்பைத் திரும்ப மூடுகிறார்கள். அந்த வெட்டைப் பிளேடால் போட்டால் விலை குறைவு. ஃபெம்டோ லேசரால் போட்டால் கூடுதல். ஸ்மைலில் ஃப்ளாப் கிடையாது. கருவிழிக்குள்ளேயே ஒரு சிறு வில்லையை லேசரால் பிரித்து, சில மில்லிமீட்டர் துளை வழியாக உருவி எடுக்கிறார்கள். மெஷினும் விலை அதிகம், ஒவ்வொரு கண்ணுக்கும் கம்பெனிக்குத் தனியாகக் கட்டணம் போகிறது. அது உங்கள் பில்லில் வந்து நிற்கும்.

ஆபத்து என்று வரும்போது, நான் முதலில் பார்ப்பது இந்த விலையை அல்ல. உங்கள் கருவிழி எவ்வளவு தடிமன், அதன் வடிவம் எப்படி என்பதுதான். சராசரி கருவிழி சுமார் 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஃப்ளாப்புக்கு ஏறக்குறைய 110 போகும். ஒரு டயாப்டர் பவரைக் குறைக்க 12 முதல் 15 மைக்ரான் வரை செதுக்க வேண்டும். உங்கள் இடது கண்ணில் 5-ம் 2-ம் சேர்த்தால் 7 டயாப்டர், சுமார் 98 மைக்ரான். ஆக மொத்தம் 208. 560 மைக்ரான் கருவிழி உள்ளவருக்கு அடியில் 352 மிஞ்சும், நிம்மதி. அதே பவர் 500 மைக்ரான் உள்ளவருக்கு இருந்தால் மிஞ்சுவது 292தான். 250-க்குக் கீழே போகவே கூடாது என்பது பழைய விதி, இப்போது பலர் 300 மிஞ்ச வேண்டும் என்கிறார்கள். மொத்தத் தடிமனில் 40 சதவீதத்துக்கு மேல் கை வைத்தாலும் யோசிப்பார்கள். இந்த 500 மைக்ரான் கணக்கில் அதுவும் தாண்டிவிடுகிறது.

ஏன் இந்தக் கணக்கு என்றால், மெலிந்த கருவிழி கண்ணின் உள் அழுத்தத்தைத் தாங்காமல் மெல்ல மெல்ல முன்னால் பிதுங்கலாம். எக்டேசியா என்பார்கள். அரிதுதான், ஆனால் வந்தால் கண்ணாடியாலும் சரி செய்ய முடியாத மங்கல். சிலருக்குக் கருவிழி மாற்று வரை போகும். ஸ்மைலில் இந்தப் பயமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அங்கும் திசு எடுக்கத்தான் செய்கிறார்கள்.

எனக்கு ஒரு கேள்வி. இடது கண்ணின் சிலிண்டர் எப்போதிலிருந்து 2? பழைய சீட்டுகள் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

மழைத்துளி | கோயம்புத்தூர்

நல்லது நிறையப் பேர் சொல்வார்கள், நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன். எனக்கு லேசிக் செய்தார்கள். சார்ட்டில் கடைசி வரி வரை படிக்கிறேன், அதனால் அவர்கள் கணக்கில் நான் வெற்றி. ஆனால் கண் காய்ந்துபோகிறது. ஏசி அறையில் நாள் முழுக்கக் கணினி பார்க்கும் வேலை. மதியம் ஆனால் இமைக்கு அடியில் மணல் கொட்டியது போல இருக்கும். பிரிசர்வேடிவ் இல்லாத சொட்டு மருந்து மேசையில் ஒன்று, பையில் ஒன்று, தலையணைக்குப் பக்கத்தில் ஒன்று. அந்தச் செலவு எந்த பேக்கேஜிலும் எழுதியிருக்காது.

கண்ணீர் சுரக்கச் சொல்லும் நரம்புகள் கருவிழியில்தான் இருக்கின்றன, ஃப்ளாப் வெட்டும்போது அவையும் வெட்டுப்படும் என்பதைச் செய்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். சிகிச்சைக்கு முன் என்னிடம் அரை மணி நேரம் பேசியது ஆஸ்பத்திரியின் ஆலோசகர், கவுன்சிலர் என்பார்கள். மருத்துவரைப் பார்த்தது அறுவை அறை வாசலில். காண்டாக்ட் லென்ஸ் போட்டாலே உறுத்தும் என்று படிவத்தில் எழுதியிருந்தேன். அதைப் படித்து யாராவது ஒருவர் ஷிர்மர் பரிசோதனை செய்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். ஐந்து நிமிடம் கண் ஓரத்தில் ஒரு தாள் துண்டை வைத்து எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

வடபழனி_வாசி

மழைத்துளி, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் உங்களைப் போல ஆகிறவர்கள் குறைவுதானே? எனக்குத் தெரிந்து செய்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். தங்கச்சி பயந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சிங்கை_நதி | சிங்கப்பூர்

இதற்கு ஆய்வே இருக்கிறது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகமும் அங்குள்ள ராணுவ, கண் ஆராய்ச்சி அமைப்புகளும் சேர்ந்து செய்தது, 2017-இல் வெளியானது. ஒரு பிரிவில் கடற்படையினர் 262 பேர், இன்னொன்றில் பொதுமக்கள் 312 பேர். லேசிக்குக்கு முன்பும் பின்பும் நோயாளிகளையே கேள்வி கேட்டுப் பதில் வாங்கினார்கள்.

பார்வையில் திருப்தி என்றவர்கள் 95 சதவீதத்துக்கும் மேல். இது வடபழனி அண்ணன் பக்கம். ஆனால் முன்பு வளையமோ கூச்சமோ எதுவும் இல்லாதவர்களில் 46 சதவீதம் வரை மூன்றாம் மாதத்தில் புதிதாக ஏதோ ஒரு தொந்தரவு இருப்பதாகச் சொன்னார்கள். கண் உலர்வு இல்லாதவர்களில் 30 சதவீதம் வரை புதிதாக உலர்வு. இது மழைத்துளி பக்கம். இந்தப் பார்வைத் தொந்தரவுகளால் அன்றாட வேலை செய்வதே மிகவும் கஷ்டம் என்றவர்கள் 1 சதவீதத்துக்கும் கீழே. இன்னொன்று, ஏற்கெனவே கண்ணாடியோடு இந்தத் தொந்தரவுகள் இருந்தவர்களில் பலருக்குக் குறைந்தும் இருக்கிறது.

என் பார்வையில் இரண்டு பேர் சொல்வதும் உண்மை. சொட்டு மருந்தோடு வாழ்கிற ஒருவரும் அந்தத் திருப்திக் கணக்குக்குள் இருக்கலாம். அதனால் மருத்துவரிடம் "வெற்றி எத்தனை சதவீதம்" என்று கேட்பதைவிட "என் கண்ணுக்கு, என் வேலைக்கு எது வர வாய்ப்பு அதிகம்" என்று கேளுங்கள்.

அம்மாவின் நெருப்புப் பயத்துக்கும் பதில் சொல்கிறேன். திசுவைச் செதுக்கும் அந்த எக்சைமர் லேசர் சுடுவதில்லை. 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர், திசுவின் மூலக்கூறுப் பிணைப்புகளை உடைத்து அந்த இடத்தை மட்டும் நீக்கும், பக்கத்துத் திசுவுக்கு வெப்பம் போவது மிகக் குறைவு. இதைக் கண்டறிந்த ஐபிஎம் ஆய்வாளர்கள் மூவரில் ஒருவர் ரங்கசாமி சீனிவாசன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1981-இல் விருந்தில் மிஞ்சிய வான்கோழி எலும்பை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், அதில் கருகாமல் கோடு போட முடிகிறதா என்று பார்த்தார். பிற்பாடு அமெரிக்க அதிபர் ஒபாமா கையால் தேசியப் பதக்கம் வாங்கினார்கள். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், கொஞ்சம் தைரியம் வரும்.

தறி_சத்தம் | கரூர்

நான் செய்தது பிஆர்கே. கபடி ஆடுகிறவன் என்பதால் மருத்துவர் ஃப்ளாப் வேண்டாம் என்றார். முகத்தில் பலமாக அடிபட்டால் வருடங்கள் கழித்துக்கூட ஃப்ளாப் விலகலாமாம். பிஆர்கேயில் மேல்தோலைச் சுரண்டிவிட்டு நேரடியாக லேசர், அது தானே வளர்ந்து மூடிக்கொள்ளும். கருவிழியும் கூடுதலாக மிஞ்சும். விலையும் நான் பார்த்த இடங்களில் குறைவுதான்.

ஆனால் வலி இருக்கிறது, மறைக்க மாட்டேன். முதல் இரண்டு மூன்று நாள் ஜன்னலில் போர்வை கட்டி, விளக்கைப் போடாமல், கண்ணைத் திறக்காமல் கிடந்தேன். அடுப்படியில் வெங்காயம் வதக்கினால்கூட கண்ணில் நீர் கொட்டியது. அம்மாதான் மணி பார்த்துச் சொட்டு மருந்து விட்டார். புண் ஆறும் வரை கண்ணில் வைத்திருந்த பாதுகாப்பு லென்ஸை எடுத்த பிறகும் பார்வை உடனே தெளியவில்லை, படிப்படியாகத்தான் வந்தது. வீட்டில் ஒருவர் கூட இருக்க முடியும், வேலையில் விடுப்பு கிடைக்கும் என்றால் மட்டும் தேதி வாங்குங்கள். மாதக்கணக்கில் வெயிலில் கூலிங்கிளாஸ் இல்லாமல் போகக் கூடாது, ஸ்டீராய்டு சொட்டு நடக்கும்போது கண் அழுத்தத்தைப் பார்க்கத் தவறாமல் போக வேண்டும்.

அரசு வேலைக்குப் படிக்கிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. ரயில்வே உதவி லோகோ பைலட் வேலைக்கு லேசிக் செய்தவர்களை எடுப்பதில்லை. விமானப்படை அதிகாரிப் பணிகள் சிலவற்றில் அனுமதி உண்டு, ஆனால் 20 வயதுக்குப் பிறகு செய்திருக்க வேண்டும், செய்து 12 மாதம் ஆகியிருக்க வேண்டும், மிஞ்சிய கருவிழி 450 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. அறிவிப்பைப் படிக்காமல் கண்ணில் கை வைக்காதீர்கள். எங்கள் ஊரில் ஒரு பையனுக்கு எழுத்துத் தேர்வு முடிந்து மெடிக்கலில் போய்விட்டது.

ஏட்டுக்கணக்கு | திருச்சி

செலவைப் பற்றி மட்டும் பேசுகிறேன். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது ஆரம்ப விலை. சிலிண்டர் பவர் இருந்தால் கூடுதல், ஸ்கேன் தனி, மருந்து தனி என்று ஏறும். எழுதி வாங்குங்கள்: இது ஒரு கண்ணுக்கா இரண்டுக்குமா, எத்தனை மாதம் வரை மறுபரிசோதனை இலவசம், பவர் கொஞ்சம் மிஞ்சினால் திரும்பச் செய்வதற்குக் காசு உண்டா, திரும்பச் செய்யக் கருவிழி போதுமா.

இன்சூரன்ஸ் பற்றிப் பலருக்குத் தெரியாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பொது விலக்குப்படி 7.5 டயாப்டருக்குக் குறைவான பவருக்குப் பார்வைத் திருத்தச் செலவு கிடைக்காது. அதற்கு மேல் இருந்தால் அந்த விலக்கு பொருந்தாது, ஆனால் காத்திருப்புக் காலம், முன் அனுமதி எல்லாம் பாலிசியைப் பொறுத்தது. என் மனைவிக்கு இரண்டு கண்ணிலும் 8-க்கு மேல். பழைய சீட்டுகளையும் மருத்துவர் கடிதத்தையும் முன்கூட்டியே கொடுத்துத்தான் ஒப்புதல் வாங்கினோம்.

கண்ணாடிச் செலவு மிச்சம் என்று கணக்குப் போடுவதை நான் ஏற்கவில்லை. 40 தாண்டினால் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வரும், லேசிக் செய்தவருக்கும் வரும், அப்போது படிக்கக் கண்ணாடி வேண்டும். ஆயுள் முழுக்கக் கண்ணாடி இல்லை என்று யாரும் விற்கக் கூடாது. இதற்குக் கடன் வாங்குவதோ நகையை அடகு வைப்பதோ வேண்டவே வேண்டாம், மாதத் தவணை என்று கவுன்சிலர் நீட்டினாலும்.

கண்ணாடிக்கடை

ஏட்டுக்கணக்கு சார் சொன்னதோடு ஒன்று. யார் செய்துகொண்டாலும் அறுவைக்கு முந்தைய ஸ்கேன், கருவிழி வளைவு அளவு, பவர் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். அறுபது வயதில் கண்புரைக்கு லென்ஸ் வைக்கும்போது, செதுக்கிய கருவிழியில் லென்ஸின் பவரைக் கணக்கிடுவது சிரமம், பழைய அளவு இருந்தால் உதவும். கண் அழுத்தமும் மெலிந்த கருவிழியில் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். அன்றைய மருத்துவரிடம் லேசிக் செய்ததைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கிளகோமா பிடிபடாமல் போகலாம்.

இன்னொன்று விழித்திரை. மைனஸ் பவர் கூடிய கண் நீளமான கண், அதன் விழித்திரை ஓரங்கள் இழுபட்டு மெலிந்திருக்கும். கருவிழியைச் செதுக்கினால் கண்ணாடி போகும், கண்ணின் நீளம் மாறாது. விழித்திரை கிழியும் வாய்ப்பு முன்பு போலவே இருக்கும். கண்பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்காமல் லேசிக்குக்குத் தேதி கொடுக்கும் இடத்துக்குப் போகாதீர்கள்.

பொருநை95

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் வான்கோழிக் கதையைச் சொன்னேன், இப்போது அவரே கூட வருகிறார். பழைய சீட்டுகளைத் தேடினேன். கண்ணாடிக்கடை அண்ணா, கல்லூரி முதல் வருடத்தில் இடது சிலிண்டர் 0.75தான் இருந்திருக்கிறது. அப்புறம் 1.25, இப்போது 2. மைனஸ் 5 மட்டும் மாறவில்லை. கடையில் அதைத்தான் பவர் நின்றுவிட்டது என்று சொன்னார்கள் போல. நாளைக்கு முழுப் பரிசோதனைக்குப் போகிறோம்.

கண்ணாடிக்கடை

போங்கள். பென்டாகேம் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். அது கருவிழியின் பின்பக்க வளைவையும் காட்டும், முதல் மாற்றம் பல நேரம் அங்கேதான் தெரியும். ஒரு கண்ணில் மட்டும் சிலிண்டர் ஏறுவதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கண்ணைக் கசக்கும் பழக்கம் உண்டா? சாஃப்ட் லென்ஸ் போடுபவரானால் ஒன்றிரண்டு வாரம் நிறுத்திவிட்டுத்தான் ஸ்கேன் எடுக்க வேண்டும், இல்லையென்றால் வளைவு தவறாகக் காட்டும்.

பொருநை95

லென்ஸ் போட்டதில்லை. கசக்குவேன், சின்ன வயதிலிருந்தே அலர்ஜி.

ரிசல்ட் வந்துவிட்டது. தடிமன் வலது 512, இடது 488. இடது கருவிழியின் கீழ்ப்பகுதி செங்குத்தாக வளைந்திருக்கிறது, ஆரம்ப நிலை கெரட்டோகோனஸாக, அதாவது கருவிழி மெலிந்து கூம்பு போலப் பிதுங்கும் நோயாக, இருக்கலாம் என்றார் மருத்துவர். லேசிக், ஸ்மைல் எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டார். அலர்ஜிக்குச் சொட்டு மருந்து கொடுத்து, கண்ணைக் கசக்கவே கூடாது, ஆறு மாதத்தில் திரும்ப ஸ்கேன் என்றார். அத்தை, இன்னொரு ஆஸ்பத்திரியில் கேட்டால் செய்துவிடுவார்கள் என்கிறார். பிஆர்கேயில் கருவிழி அதிகம் மிஞ்சும் என்று தறி_சத்தம் அண்ணன் எழுதியிருந்தாரே, அதாவது முடியுமா?

மழைத்துளி

கேட்டால் செய்துவிடுவார்கள் என்பதுதான் எனக்குப் பயமே. செய்யாதே, தங்கச்சி. அந்த மருத்துவர் வேண்டாம் என்று சொன்னதற்கு அவருக்கு ஒரு ரூபாய்கூட லாபம் இல்லை. அப்படிச் சொல்கிறவரைத்தான் நம்ப வேண்டும்.

கண்ணாடிக்கடை

பிஆர்கேயும் இப்போது வேண்டாம். உங்கள் விஷயத்தில் பிரச்சினை தடிமன் மட்டும் இல்லை, அந்தக் கருவிழி தானாகவே பலவீனமாகிக்கொண்டிருக்கலாம். அதிலிருந்து எவ்வளவு குறைவாக எடுத்தாலும் எடுப்பது எடுப்பதுதான். மழைக்கும் ஸ்கூட்டிக்கும் இப்போதைக்கு நல்ல வைசர் வைத்த ஹெல்மெட்டும், கண்ணாடியில் தண்ணீர் நிற்காத கோட்டிங்கும் போட்டுப் பாருங்கள். சிலிண்டர் இன்னும் ஏறினால் கண்ணாடியைவிட ரிஜிட் லென்ஸில் (கடினமான காண்டாக்ட் லென்ஸ்) தெளிவாகத் தெரியும்.

ஆறு மாத ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள், அதே மெஷினில் எடுங்கள், அப்போதுதான் ஒப்பிட முடியும். ஏறுவது உறுதியானால் சி3ஆர் செய்வார்கள். ரைபோஃப்ளேவின் சொட்டு விட்டு, புற ஊதா ஒளி காட்டிக் கருவிழியை உறுதிப்படுத்துவது. அதற்குப் பொதுவாக 400 மைக்ரானாவது தடிமன் வேண்டும், உங்களிடம் தாராளமாக இருக்கிறது. எல்லாம் நின்று பல காலம் நிலையாக இருந்தால், கருவிழியைத் தொடாமல் கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் ஐசிஎல் முறையைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். அதற்கு லேசிக்கைவிடச் செலவு கூடுதல், அதற்கும் கண்புரை, கண் அழுத்தம் என்று தனி ஆபத்துகள் உண்டு. இப்போது அவசரம் இல்லை.

வீட்டில் தம்பி தங்கை யாராவது இருக்கிறார்களா? அலர்ஜி, கண்ணைக் கசக்குவது, அடிக்கடி கண்ணாடி மாறுவது எதுவாவது அவர்களுக்கு உண்டா?

பொருநை95

தம்பி இருக்கிறான் அண்ணா, பிளஸ் டூ படிக்கிறான். என்னைவிட அதிகமாகக் கசக்குவான். போன வருடம் மட்டும் இரண்டு தடவை கண்ணாடி மாற்றினோம்.

கண்ணாடிக்கடை

அப்படியானால் உங்கள் ஸ்கேனுக்காக ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம், அவனை இந்த வாரமே அழைத்துப் போங்கள். இது குடும்பத்தில் வரக்கூடியது, சின்ன வயதில் வேகமாக ஏறும். உங்கள் ரிப்போர்ட்டையும் எடுத்துப்போய் "அக்காவுக்குச் சந்தேகம் இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பவர் மட்டும் பார்த்து அனுப்பிவிடாமல் டாப்போகிராபி, அதாவது கருவிழி வளைவு ஸ்கேன், எடுப்பார்கள். பரீட்சை முடியட்டும் என்று வீட்டில் சொன்னால் இந்த இழையை அப்பாவிடம் காட்டுங்கள்.